கொயினாவுக்கு நன்றியுரை

மலைக்கு மருந்து கொடுப்பதென்று சர்க்கார் தீர்மானித்தது. கொடுத்தோம், வந்தோம் என்று இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் சர்க்காருக்கு ஒரு மனக்குறை இருந்தது. முந்தின வருஷம் மலைக்கு ஆள் அனுப்பி அம்மை குத்தினார்கள். குத்திக்கொண்ட ஜனங்கள் கையைத் தேய்த்துக்கொண்டு பேசாமல் கொல்லை வேலைக்குப் போய்விட்டார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. வார்த்தை வந்தால்தானே எழுத முடியும்? எழுதினால்தானே மேலே அனுப்ப முடியும்? மேலே போகாத தர்மம் தர்மத்தில் சேர்த்தியா?

ஆகவே நாற்பத்து மூன்றாம் வருஷம், கொயினா விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு, மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைக்குப் பஞ்சம் வந்த காலத்தில், ஜவ்வாது மலைக்கென்று ஒரு புது விதி போட்டார்கள். காய்ச்சல்காரனுக்கு மாத்திரை கொடுக்கும்போது அவனோ அவன் வீட்டாரோ நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அதை எழுதிக்கொள்வார். நன்றியில் பழுது தென்பட்டால் மாத்திரையை நிறுத்திவைத்து விசாரிக்கலாம். விசாரிப்பதற்கு 'மலைவாழ் பிரஜைகள் நன்றியுணர்ச்சிப் பரிசீலனைக் கமிட்டி' என்று ஒன்று. அதற்குத் தலைவர் ராவ்சாகிப் ஏகாம்பர முதலியார். போளூர்ப் பக்கத்துப் பெரிய பண்ணை. ராவ்சாகிப் என்ற பட்டம் அதற்கும் மேலான ராவ்பகதூர் ஆக வேண்டுமென்று அவர் வேண்டாத சாமி இல்லை.

ஒத்தப்புளியூர் தீர்த்தகிரிக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் பெண்டாட்டி பாஞ்சாலைக்கு முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. கம்பளி போட்டு, கோணிப்பை போட்டு, அதற்கும் மேலே அவள் அக்கா சுந்தரம்மாள் படுத்து அழுத்திப் பிடித்தாலும் கட்டில் நிற்கவில்லை. நடுக்கம் விட்ட நாளில் எழுந்து சாமை குத்த உட்காருவாள். "இன்னிக்குத்தான் லீவு குடுத்துக்குது, அதுக்குள்ள ரெண்டு படி குத்திடறேன்" என்பாள். சிரிப்பாணிக்காரி. அந்தச் சிரிப்பும் வர வர மெலிந்துகொண்டே போயிற்று.

சர்க்கார் ஆட்கள் வந்து தங்குகிற முசாபரி பங்களாவில் கொயினா கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடினான். பங்களா முன்னால் பந்தல். ராவ்சாகிபே வந்து உட்கார்ந்திருந்தார். கம்பவுண்டர் பிலிப்ராஜ் தகர டப்பாவிலிருந்து மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்க, ராவ்சாகிப் தம் கையால் அதைத் தீர்த்தகிரியின் கையில் வைத்தார். தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெரிய மனிதர் தன் கையைத் தொட்டு எதுவும் கொடுத்தது அவன் பிறந்ததிலிருந்து கிடையாது.

"நன்றி சொல்லுப்பா" என்றார் குமாஸ்தா.

இங்கேதான் வந்தது வினை. ஒத்தப்புளியூரில் நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். குடம் நிறையக் கறக்கிற மாட்டை "சனியன், ஒரு சொட்டு இல்ல" என்பார்கள். தக்காளிப்பழம் மாதிரி பிறந்த குழந்தையை "கரிக்கட்ட" என்று தூக்கிக் கொஞ்சுவார்கள். பாஞ்சாலை கல்யாணமாகி வந்தபோது அவன் ஆத்தாள் ஊரையே கூட்டி "ஒலக்கைக்குப் பொடவ சுத்தின மாதிரிக் கீறா பாரு" என்றாள். பாஞ்சாலைக்கு அன்றைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. எவ்வளவு பிரியமோ அவ்வளவு மட்டம் தட்ட வேண்டும். அதுதான் அந்த ஊர் மரியாதை.

தீர்த்தகிரி மாத்திரை மடிப்பை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய அன்போடு சொன்னான்: "இன்னாத்துக்கு ஒதவும்ங்க இது? சுண்ணாம்புத் துண்டு. இத்தக் குடுத்த தொரையும் ஒண்ணும் பெரிய மனுசன் கெடையாது. போற வழில போற ஆளு."

பின்னால் நின்ற மலைஜனம் "ஆமா, ஆமா" என்று தலையாட்டியது. தீர்த்தகிரி எவ்வளவு அழகாகப் பேசிவிட்டான் என்று ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள்.

ராவ்சாகிப் முகம் சுண்டிப் போயிற்று. கையை நீட்டினார். தீர்த்தகிரி, துரை ஏதோ கை கொடுக்கிறார் என்று நினைத்துத் தன் கையைத் திறந்தான். மாத்திரை டப்பாவுக்குத் திரும்பிப் போயிற்று. விசாரணை முடிகிறவரை யாருக்கும் மாத்திரை இல்லை என்று டப்பாவையும் பூட்டினார்.

"இவன் திட்டியிருந்தால் பாதகமில்லை" என்று ராவ்சாகிப் குமாஸ்தாவிடம் விளக்கினார். "திட்டுகிறவன் மூடன். மூடனை மன்னிக்க சர்க்காருக்கு மனசு உண்டு. ஆனால் இவன் கண்ணில் ஜலம் வைத்துக்கொண்டு திட்டுகிறான். இது நையாண்டி. நையாண்டி செய்கிறவனுக்கு யோசனை இருக்கிறது என்று அர்த்தம். யோசனை உள்ளவனுக்கு மருந்து கொடுத்து நாமே பிழைக்கவைத்தால், ஐயா, அப்புறம் அவன் என்னென்ன யோசிப்பான்?"

குமாஸ்தா இதையும் எழுதிக்கொண்டார். ராவ்சாகிப் சொன்ன எதையும் அவர் விட்டதில்லை.

திட்டா நையாண்டியா என்று தீர்ப்புச் சொல்லத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். திருப்பத்தூரிலிருந்து வித்துவான் சந்தியாகப்பனார் வரவழைக்கப்பட்டார். மலையேற அவரால் ஆகாது, டோலி வேண்டும். டோலி தூக்க ஆள் போதவில்லை. குற்றவாளி சும்மாத்தானே இருக்கிறான் என்று தீர்த்தகிரியையே அடிவாரத்துக்கு அனுப்பினார்கள்.

வித்துவான் நல்ல மனிதர். கனமான மனிதரும்கூட. யார் தோளில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டதும் வழியெல்லாம் அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். "அங்கதம் என்பது லேசான காரியம் அல்ல, அப்பா. ஒருவனை மேலே தூக்கிக் கீழே போடுகிற கலை அது."

"போடமாட்டங்க சாமி. பத்தரமாத்தான் தூக்கினு வர்றேன்."

"அதைச் சொல்லவில்லை. சின்னதை ஊதிப் பெரிதாக்கலாம். மலை போன்றதைக் கடுகாக்கலாம். இகழ வேண்டியவனைப் புகழலாம். அவனுடைய சொல்லையே எடுத்து அவனுக்கே திருப்பிப் போடலாம். இவற்றில் எதைக் கையாண்டாய் என்று ஒப்புக்கொண்டால் என் வேலை சுலபமாகும்."

"எம் பொண்டாட்டிக்கு மாத்தர வேணுங்க. அத்தத்தான் கையாளணும்" என்றான் தீர்த்தகிரி. தோள் எரிந்தது. அன்றைக்குப் பாஞ்சாலைக்கு நடுக்கம் வருகிற நாள். சுந்தரம்மாள் ஒருத்தி எப்படிச் சமாளிக்கிறாளோ என்று அவனுக்கு உயிர் துடித்தது. வேகமாக நடந்தான். டோலி ஆடியது.

"இந்தக் குலுக்கல்கூட எனக்கு எகத்தாளமாகத்தான் படுகிறது" என்றார் வித்துவான் வருத்தத்தோடு.

விசாரணை ஆரம்பமாயிற்று. கண் படும் என்கிற விஷயத்தைத் தீர்த்தகிரி தன்னாலானமட்டும் சொன்னான். ராவ்சாகிப் யோசித்தார். "அப்படியானால் என்னைப் பெரிய மனிதன் இல்லை என்றது பெரிய மனிதன் என்ற அர்த்தத்தில்?"

"ஆமாங்க."

"அதை நேராகவே சொல்லேன்."

தீர்த்தகிரிக்குத் திக்கென்றது. நேராகச் சொன்னால் மாத்திரையின் வீரியம் போய்விடுமே. வீரியம் போன மாத்திரையைக் கொண்டுபோய் பாஞ்சாலை வாயில் போட்டு என்ன பிரயோஜனம்? ஆனாலும் கையில் மாத்திரையே இல்லாதவன் வீரியத்துக்கு அழ முடியாது. மனசுக்குள் குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தான் கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்னான்: "தொரை வந்தாருங்க. மாத்தர குடுத்தாருங்க. திருப்பி வாங்கிக்கினாருங்க. டப்பால வெச்சிப் பூட்டினாருங்க. அவரு மாதிரி பத்தரமா மருந்த வெச்சிக்கிறவங்கள நான் பாத்ததில்லீங்க."

வித்துவான் துள்ளி எழுந்தார். "பாருங்கள், பாருங்கள். ஒரு குற்றச்சாட்டுக்கூட இல்லை. ஆனால் கேட்பவனுக்குச் சுருக்கென்கிறது. உள்ளதைச் சொல்லி உதைப்பது. இவன் கைதேர்ந்தவன்."

"நான் மருந்தைப் பத்திரமாக வைத்தது தப்பா?" என்றார் ராவ்சாகிப்.

"தப்பில்லை. அதை இவன் சொன்னதுதான் தப்பு."

புகழ்ச்சி என்றால் கொஞ்சமாவது மிகை வேண்டும், மிகை இல்லாததால்தான் சுருக்கென்கிறது என்று கமிட்டி முடிவு செய்தது. மறுநாள் மிகையோடு வரச்சொல்லி அனுப்பினார்கள். தீர்த்தகிரி ராத்திரியெல்லாம் பாஞ்சாலையின் காலைத் தேய்த்துக்கொண்டே மிகை தேடினான். காலையில் வந்து, துரை சூரியன் மாதிரி, ஆனி மாசத்து மழை மாதிரி, எங்கள் குலசாமி மாதிரி என்று மூச்சு விடாமல் சொன்னான்.

"இது அளவு மீறிவிட்டது. மிகை அளவு மீறினால் அதுவே நையாண்டி" என்றார் வித்துவான்.

"எது வரைக்கும் அளவு?" என்று ராவ்சாகிப் கேட்டார். அவருக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விவாதம் நடந்தது. சூரியன் மாதிரி என்பது தமக்கு அப்படியொன்றும் அதிகமாகப் படவில்லை என்று ராவ்சாகிப் அடக்கமாகத் தெரிவித்தார். கடைசியில் குமாஸ்தா பதிவு செய்தார்: சூரியன் வரையில் உண்மை, மழையிலிருந்து மிகை, குலசாமி சந்தேகத்துக்குரியது.

இப்படியே வாரங்கள் ஓடின. இதற்குள் மலைக் கொசு தன் வேலையைப் பார்த்துவிட்டது. அதற்கு ராவ்சாகிப் என்றும் மலைவாசி என்றும் பேதம் தெரியாது. முதலில் குமாஸ்தா படுத்தார். பிறகு வித்துவான். பிறகு ராவ்சாகிபின் சமையற்காரன். கடைசியில் ராவ்சாகிபே கம்பளிக்குள் போனார். கமிட்டி அங்கத்தினர்களின் தேக சுகம் பரிசீலனைக்கு அவசியம் என்பதால் அவர்களுக்குக் கொயினா கொடுக்கலாம் என்று கமிட்டியே அனுமதி கொடுத்துக்கொண்டது. நன்றி சொல்ல வேண்டுமா என்று குமாஸ்தா நடுங்கிக்கொண்டே கேட்டார். கமிட்டிக்குக் கமிட்டி நன்றி சொல்லிக்கொள்வது விரசமாக இருக்கும் என்று அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

சமையற்கட்டுப் பக்கம் பிலிப்ராஜைப் பிடித்தான் தீர்த்தகிரி. "ரெண்டே ரெண்டு மாத்தர குடு கம்பவுண்டரே. அவ கண்ணு மஞ்சளிச்சிப் போய்க் கெடக்குது. என்னைப் பாத்து ஆருன்னு கேக்கறா."

பிலிப்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "எண்ணி எண்ணித்தான் வாங்கறாங்க தீர்த்தகிரி. ஒண்ணு கொறஞ்சாலும் என் வேல போய்டும். எங்கூட்லயும் நாலு பொண்ணுங்க கீதுங்க. நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சீக்கிரம் முடிச்சிக்கோ. டப்பா எளச்சிக்கினே போவுது."

தீர்த்தகிரிக்கு அதற்கு மேல் புகழவும் தெரியவில்லை, மட்டம் தட்டவும் தெரியவில்லை. நேரே போய் ராவ்சாகிபின் கட்டிலடியில் விழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுது அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. சமையற்காரன்கூட வெளியே போய்விட்டான்.

அடுத்த கட்டிலிலிருந்து வித்துவான் கம்பளியை விலக்கி எட்டிப்பார்த்தார். "சொல்லாமல் விடுவது என்று ஒன்று உண்டு" என்றார், பல் கிட்டிக்க. "நுட்பங்களில் அதுதான் தலையாயது. நாங்களே படித்துப் படித்துத்தான் அந்த இடத்துக்கு வர முடியும். இவன் போய்ச் சேர்ந்துவிட்டான்."

அவர் குரலில் பொறாமை இருந்தது.

அதற்கப்புறம் விசாரணை சட்டென்று முடிந்தது. தீர்த்தகிரியின் கண்ணீர் காரணம் அல்ல. மலையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் யாரும் உயிரோடு இறங்கமுடியாது என்று ராவ்சாகிப் கண்டுகொண்டார். டோலிகள் வாசலில் நின்றன. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் தீர்ப்பைப் படித்தார்: "மேற்படி தீர்த்தகிரி பேசியது அங்கதம் அன்று. அங்கதம் பேசுமளவுக்கு மலைவாசிக்குப் புத்தி கிடையாது என்பதைக் கமிட்டி சிரமப்பட்டு நிரூபித்திருக்கிறது. ஆகையால் அவன் விசுவாசமுள்ள பிரஜை. அவனுக்கு மருந்து வழங்கப்பட்டது."

தீர்த்தகிரி கையை நீட்டிக்கொண்டு ஓடினான். பிலிப்ராஜ் டப்பாவைத் திறந்தான். அதற்குள் கொஞ்சம் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது. பிலிப்ராஜ் டப்பாவைத் தலைகீழாகத் தட்டினான். அந்தத் தூளும் காற்றில் போயிற்று. அவன் தீர்த்தகிரியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாத்தர இல்லீங்க" என்றான் தீர்த்தகிரி.

"மாத்திரை வேறு, வழங்கியது வேறு" என்றார் குமாஸ்தா, பொறுமையாக. "வழங்கியதை எழுதியாகிவிட்டது. நன்றிதான் பாக்கி. நீ நன்றி சொல்லாவிட்டால் தீர்ப்பு முடியாது. தீர்ப்பு முடியாவிட்டால் அடுத்த டப்பா மலைக்கு வராது."

பந்தலுக்கு முன்னால் மலைஜனம் நின்றது. அதில் பாதிப்பேர் வீட்டில் காய்ச்சல். தீர்த்தகிரி அவர்களைப் பார்த்தான். கம்பளிக்குள்ளிருந்து தெரிந்த ராவ்சாகிபின் முகத்தைப் பார்த்தான். மாத்திரை வேலை செய்திருந்தது. முகத்தில் தெளிவு வந்திருந்தது. தீர்த்தகிரிக்கு அப்போது அழுகை வரவில்லை. கோபமும் வந்து அப்படியே தணிந்துவிட்டது. டோலியில் வித்துவான் சொன்னதெல்லாம், தோள் எரிச்சலில் காதில் விழாமல் போனதெல்லாம், ஒவ்வொன்றாக அவனுக்கு விளங்க ஆரம்பித்தது. இத்தனை நாளாக இவர்கள் தன்மேல் சுமத்திய குற்றம் என்னவென்று அவனுக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

கைகூப்பினான்.

"ராவ்சாயபு தொரைங்களே, நீங்க நல்லா இருக்கணும். எம் பொண்டாட்டிக்கு வந்த காய்ச்சல நீங்க வாங்கிக்கினீங்க. அவ முழுங்கவேண்டிய கசப்ப நீங்களே முழுங்கினீங்க. பெத்த தாயிகூட மருந்தப் புள்ள வாய்லதான் ஊத்துவா, தான் குடிக்கமாட்டா. எங்களுக்குக் கசக்குமேன்னு நீங்களே குடிச்சிட்டீங்க. ஒரு மாத்தரகூட எங்க வாயில படாம பாத்துக்கினீங்க. டப்பாவ மட்டும் எங்களுக்கு வுட்டீங்க. எங்க சனத்துக்கு இவ்ளோ பெரிய டப்பா இதுக்கு முன்னால ஆரும் குடுத்ததில்ல. நீங்க நூறு வருசம் இருக்கணும். ராவ்பகதூர் ஆவணும். இந்தக் கொசுக் கடியில மறுபடியும் எங்களுக்காக வந்து கஷ்டப்படற நெலம ஒங்களுக்கு வரவே கூடாது."

பிலிப்ராஜ் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

ராவ்சாகிபின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "கேட்டீர்களா வித்துவானே? இதுதான் நன்றி. இதற்காகத்தான் நாங்கள் பாடுபடுகிறோம்."

"மாசுமறுவற்ற பேச்சு" என்றார் வித்துவான். "அணியில்லை, அலங்காரமில்லை. நேரே உள்ளத்திலிருந்து வருகிறது. நமது பரிசீலனை இவனைப் பண்படுத்திவிட்டது."

அந்த உரையை அச்சடித்து மலைக்கிராமங்களிலெல்லாம் வாசித்துக்காட்ட உத்தரவாயிற்று. மலைஜனம் கேட்டுத் தெரிந்துகொண்டு இதே மாதிரி நன்றி சொல்ல வேண்டும் என்றார் ராவ்சாகிப். டோலிகள் இறங்கின.

தீர்த்தகிரி வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. பாஞ்சாலை கண்ணை விழித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவனை அடையாளம் தெரிந்தது.

"மருந்து?"

"இல்ல."

அவள் கூரையைப் பார்த்தாள். "இன்னாதான் சொன்னாங்க இத்தினி நாளா?"

"நன்றி சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

"மருந்தே குடுக்காததுக்கா? இன்னான்னு சொன்ன?"

அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ராவ்சாகிபிடம் சொன்னதை முதலிலிருந்து சொன்னான். பெற்ற தாய் என்ற இடத்தில் பாஞ்சாலையின் உதடு கோணிற்று. டப்பாவ மட்டும் எங்களுக்கு வுட்டீங்க என்றதும் அவளுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. "அய்ய, அப்டியேவா சொன்ன? அந்தாளு இன்னா பண்ணான்?"

"அழுதான்."

அவள் சிரித்தாள். எத்தனையோ நாளாகக் கேட்காத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கட்டில் ஆடியது. தீர்த்தகிரிக்கும் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கட்டும் என்று ராவ்சாகிபைப் போலக் கண்ணைத் துடைத்துக் காட்டினான். வித்துவானைப் போலக் கம்பளியை விலக்கி எட்டிப்பார்த்தான். கட்டில் இன்னும் வேகமாக ஆடியது. சுந்தரம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தங்கையின் மேல் விழுந்து தோளை அழுத்திப் பிடித்தாள். அவளும் சிரிப்பில் கலந்துகொள்கிறாள் என்றே தீர்த்தகிரி நினைத்தான். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாஞ்சாலையின் சிரிப்பு நின்றுவிடும் என்று பயந்தவன் மாதிரி, நூறு வருசம் இருக்கணும், ராவ்பகதூர் ஆவணும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனான். கட்டில் ஆடுவது நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"போதும் தம்பி" என்றாள் சுந்தரம்மாள். "அவளுக்குக் கேக்கல."